ஸிப்பா, பேக்மேனா, விசிபேக்கேஜா, சிமேக்கா? வி.எஸ். கோடில் ஒரு சி++ லைப்ரரியைப் பொருத்தும் வழிகள்

"அண்ணா, சிவப்புக் கோடு போயிட்டுது. பிறகு ஏன் ஓடேல்ல?"

போன சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்வி. கேட்டவள் பக்கத்து ஃபிளாட் பிள்ளை, கம்பஸில் இரண்டாம் வருடம். நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னக் கேம் எழுதிக் கொடுக்க வேண்டும். படம் வரையவும் சத்தம் போடவும் எஸ்.எஃப்.எம்.எல். என்ற லைப்ரரியைத் தேர்ந்திருக்கிறார்கள். (வேறொருவர் எழுதிவைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட்தான் லைப்ரரி. லைப்ரரி என்றே எழுதுகிறேன். நூலகம் என்றால் எனக்கு 57ஆவது ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகம்தான் ஞாபகம் வரும். அங்கே யாரும் லிங்கர் எரர் தருவதில்லை.)

அவள் செய்தது இதுதான். லைப்ரரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அறிவிக்கும் ஹெடர் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரின் பாதையை வி.எஸ். கோடின் சி++ எக்ஸ்டென்ஷன் செட்டிங்கில் சேர்த்தாள். இன்க்ளூட் வரிக்குக் கீழே நெளிந்த சிவப்புக் கோடு மறைந்தது. ரன் பட்டனை அழுத்தினால், அப்படியொரு ஃபைலே இல்லை என்கிறது, எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர்.

அந்தச் செட்டிங் இன்டெலிசென்ஸுக்கு மட்டுமானது. நீங்கள் எழுத எழுத பெயர்களை எடுத்துக்கொடுப்பதும் சிவப்புக் கோடு போடுவதும் அதன் வேலை. வி.எஸ். கோட் வெறும் எடிட்டர், கம்பைலர் அதற்குள் இல்லை. கம்பைலருக்குப் பாதையைச் சொல்வது, எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று எழுதிவைக்கும் டாஸ்க் ஃபைலில். போதாக்குறைக்கு, நிறையப் பேர் கோட் ரன்னர் எக்ஸ்டென்ஷனின் முக்கோணப் பட்டனைத்தான் அழுத்துகிறார்கள். அது டாஸ்க் ஃபைலைத் திரும்பியும் பார்க்காது, தனக்கென்று ஒரு கட்டளை வைத்திருக்கிறது. ஒரே விலாசத்தை மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டிய நிலை. அவள் சொன்னது ஒருவருக்கு மட்டும்.

அதைத் திருத்த ஐந்து நிமிடம் போனது. அதற்குப் பிறகு கேட்டாள் பாருங்கள், அதுதான் எனக்கு மாதம் ஒருமுறையாவது வருகிற கேள்வி: "நாலு விதமாச் சொல்லினம். எதைப் பிடிக்கிறது?"

## எதை வைத்து அளப்பது

"எது லேசு?" என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும், அடுத்த கிழமை கையைக் கடிக்கும். நான் கேட்பது வேறு கேள்விகள்.

முதலாவது, கணினியில் ஏற்கெனவே எந்தக் கம்பைலர் இருக்கிறது, எந்தப் பதிப்பு? சி++ லைப்ரரியைக் கட்டிய (ஏற்கெனவே கம்பைல் பண்ணிய) நிலையில் இறக்கினால், அதைக் கட்டிய கம்பைலரும் உங்களுடையதும் ஒத்துப்போக வேண்டும். ஃபங்ஷன் பெயர்களை உள்ளுக்குள் எப்படி மாற்றி எழுதுவது, எரர்களை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் கம்பைலருக்குக் கம்பைலர் வேறு. எங்கள் டியூஷன் வகுப்புகளிலும் லாப்களிலும் இன்னும் டெவ் சி++ 5.11 என்ற பழைய எடிட்டர் கிடக்கிறது. அதோடு வரும் கம்பைலர் ஜிசிசி 4.9.2, அதாவது பத்து வருடத்துக்கும் மேற்பட்ட சரக்கு. கோட்பிளாக்ஸ் 20.03 உடன் வருவது 8.1. எஸ்.எஃப்.எம்.எல். 2.6இன் மின்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) ஸிப்போ ஜிசிசி 13.1இல் கட்டப்பட்டது. இவற்றை ஒன்றாகப் போட்டுவிட்டு "எல்லாம் சரியாத்தானே செய்தேன்" என்று கவலைப்படுபவர்கள் ஏராளம்.

இரண்டாவது, இது எத்தனை கணினியில் ஓட வேண்டும்? உங்களுடையதில் மட்டுமா, நாலு பேரின் லேப்டொப்பிலா, மார்க் போடுபவரின் கணினியிலுமா? என்னைக் கேட்டால், தீர்மானத்தில் முக்கால்வாசி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, டேட்டாவும் நேரமும். வீட்டில் ஃபைபர் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போர்டிங் அறையில் போன் ஹொட்ஸ்பொட்டில் இருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. நாலாவது, லாப் கணினியில் அட்மின் உரிமை இருக்கிறதா. கடைசியாக, பிழை வந்தால் எங்கே தேடுவதென்று உங்களுக்குத் தெரியுமா.

## வழி 1: ஸிப்பை இறக்கிக் கையால் பொருத்துவது

சில பத்து எம்பி ஸிப். விரித்தால் மூன்று ஃபோல்டர்கள்தான் முக்கியம்: ஹெடர்கள் உள்ள இன்க்ளூட், இணைப்பதற்கான ஃபைல்கள் உள்ள லிப், ஓடும்போது தேவைப்படும் டிஎல்எல்கள் உள்ள 'பின்' (bin). கம்பைலருக்குக் கழித்தல் குறியுடன் பெரிய ஐ எழுத்தில் முதலாவதையும், பெரிய எல் எழுத்தில் இரண்டாவதையும் காட்டி, சின்ன எல் எழுத்தில் ஒவ்வொரு பகுதியின் பெயரையும் சொல்ல வேண்டும். டிஎல்எல்களை உங்கள் எக்ஸிக்குப் பக்கத்தில் கொப்பி பண்ண வேண்டும்.

இதை ஒருமுறையாவது எல்லாரும் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். காரணம் அந்த மூன்று எரர்கள். ஹெடரைக் காணவில்லை என்றால் இன்க்ளூட் பாதை பிழை. ஹெடர் சரியாகி, "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று ஒரு பக்கம் நிறைய வந்தால் லிங்கருக்கு (கட்டிய துண்டுகளை ஒன்றாக இணைப்பவருக்கு) சொன்னது பிழை: ஒன்றில் பெயரை விட்டிருப்பீர்கள், அல்லது கம்பைலர் ஒத்துப்போகவில்லை. அதுவும் சரியாகி, எக்ஸி திறக்கும்போது டிஎல்எல் இல்லை என்று ஒரு பெட்டி எழும்பினால், பின் ஃபோல்டரை மறந்திருக்கிறீர்கள். மூன்றும் வெவ்வேறு கட்டத்தில் வருபவை. ஒரு எரர் போய் அடுத்தது வந்தால் நீங்கள் முன்னேறுகிறீர்கள் என்று அர்த்தம். இது தெரியாதவர்கள் இரண்டாவது எரர் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

பெயர்களின் ஒழுங்கும் கவனம். ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியை எக்ஸிக்குள்ளேயே சேர்த்து, இணைத்தால் கிராபிக்ஸ் முதலில், பிறகு விண்டோ, கடைசியில் சிஸ்டம். மாற்றிப் போட்டால் எல்லாம் இருந்தும் இல்லை என்று சொல்லும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டாவது கணினியில்தான் தெரியும். உங்கள் லைப்ரரி சி டிரைவில், நண்பனுடையது டி டிரைவில், இன்னொருவருடையது டவுன்லோட்ஸுக்குள் ஒரு நீளமான ஃபோல்டரில். டாஸ்க் ஃபைல் கிட்டில், அதாவது நாலு பேரும் கோடைப் பகிரும் இடத்தில், இருக்கிறது. இரவு 11 மணிக்கு ஒருவன் தன் பாதையைப் போட்டு புஷ் பண்ண, காலையில் மற்ற மூன்று பேருக்கும் ஓடாது. ஒவ்வொருவரும் தன் கணினியில் சரியென்று சத்தியம் பண்ணுவார்கள். எல்லாரும் சொல்வது உண்மைதான்.

விண்டோஸ் பயனர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் இன்னொரு தலையிடி. மேற்கோள் குறி போடாத பாதை இடைவெளியில் இரண்டாக உடையும். லைப்ரரிகளுக்கென்று சி டிரைவின் கீழே நேரடியாக ஒரு சின்ன ஆங்கிலப் பெயரில் ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியே நல்லது என்று சொல்லும் இடங்கள்: அட்மின் உரிமையும் நெட்டும் இல்லாத லாப், பென்ட்ரைவில் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டிய தேவை. அப்புறம், வெறும் ஹெடராக மட்டும் வரும் லைப்ரரிகள். நீல்ஸ் லோமனின் ஜேசன் லைப்ரரி ஒரே ஹெடர் ஃபைலாகவே கிடைக்கும். அதற்கெல்லாம் பேக்கேஜ் மேனேஜர் (லைப்ரரிகளைத் தானே இறக்கிப் பொருத்தும் கருவி) வைப்பது கடைத்தெருவுக்குப் போக லொறி பிடிப்பது மாதிரி.

## வழி 2: எம்சிஸ்2இன் பேக்மேன்

தனியாள், விண்டோஸ், ஜிசிசி என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எம்சிஸ்2 என்பது விண்டோஸில் ஜிசிசி போன்ற கருவிகளைத் தரும் தொகுப்பு. அதன் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் ஆர்ச் லினக்ஸிலிருந்து வந்தது. கம்பைலரையும் லைப்ரரியையும் ஒரே இடத்திலிருந்து, ஒன்றுக்கொன்று பொருந்தக் கட்டிய நிலையில் இறக்கித் தருகிறது. பதிப்பு ஒத்துப்போகுமா என்ற முதல் கேள்வி இங்கே எழும்பவே எழும்பாது. பாதைகளையும் கம்பைலர் தானாகவே அறியும், லிங்கருக்குப் பெயர்களை மட்டும் சொன்னால் போதும். டவுன்லோட் சில நூறு எம்பி வரும், அதில் பெரும்பகுதி கம்பைலருக்கு.

அநேகமானோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2 பெயரில் பல டெர்மினல்கள் வரும், ஒவ்வொன்றும் தனி உலகம். இப்போது பொதுவாக எடுக்க வேண்டியது யுசிஆர்டி64. பேக்கேஜின் பெயரிலும் அதே யுசிஆர்டி இருக்க வேண்டும். மின்ஜிடபிள்யூ64க்கான லைப்ரரியை இறக்கிவிட்டு யுசிஆர்டி64 கம்பைலரால் தேடினால் கிடைக்காது. விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் பாத் வேரியபிளில் பழைய மின்ஜிடபிள்யூ ஒன்று முன்னால் நின்றால் அதுவும் குழப்பும். வி.எஸ். கோட் டெர்மினலில் ஜிசிசியின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். 6.3 என்று வந்தால் பழைய ஆள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

மறை செலவு இரண்டு. ஒன்று, பேக்மேன் எப்போதும் புதுப் பதிப்பையே தரும். எஸ்.எஃப்.எம்.எல். 3.0 வந்தது 2024 டிசம்பரில். சி++17 தேவை என்றதோடு, விண்டோவில் நடப்பவற்றை வாசிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். இணையத்தில் கிடக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை 2ஆம் பதிப்புக்கானவை. அதைப் பார்த்து எழுதினால், சரியாகப் பொருத்திய பிறகும் எரர் வரும், நீங்கள் பொருத்தியதைச் சந்தேகிப்பீர்கள். குழுவில் ஒருவர் போன வருடமும் மற்றவர் இந்த மாதமும் இறக்கியிருந்தால் இரண்டு பேரிடமும் இரண்டு பதிப்பு.

மற்றது, கொடுக்கும்போது வரும் செலவு. எக்ஸியை மட்டும் ஸிப் பண்ணி அனுப்பினால் மார்க் போடுபவரிடம் திறக்காது. எஸ்.எஃப்.எம்.எல். டிஎல்எல்களோடு நிற்காமல், ஃபொண்ட் வாசிக்கும் ஃப்ரீடைப், ஜிசிசியின் சொந்த டிஎல்எல்கள் என்று ஒரு ஊர்வலமே பின்னால் வரும். எல்டிடி கட்டளை கொடுத்து எவையெவை தேவை என்று பார்த்துக் கொப்பி பண்ண வேண்டும்.

## வழி 3: விசிபேக்கேஜ்

எழுத்துகளாகப் பார்த்தால் வி, சி, பி, கே, ஜி. மைக்ரோசொஃப்ட் 2016இல் வெளியிட்ட பேக்கேஜ் மேனேஜர். கட்டியதை இறக்காமல், மூலக் கோடை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டுகிறது. நல்ல கொள்கை, பொறுமை வேண்டும். எஸ்.எஃப்.எம்.எல். கேட்டால் அதற்குத் தேவையான ஃப்ரீடைப், சத்தத்துக்கான ஃபிளாக், வோர்பிஸ், அவற்றுக்குத் தேவையானவை என்று எல்லாவற்றையும் கட்டும். அதுவும் பிழை தேடுவதற்கான டீபக்குக்கு ஒருமுறை, கொடுப்பதற்கான ரிலீஸுக்கு ஒருமுறை.

2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கறண்ட் போன அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்ன நாள். என் பழைய டெஸ்க்டொப்பில் விசிபேக்கேஜ் அரை மணித்தியாலமாகக் கட்டிக்கொண்டிருந்தது. கறண்ட் வந்த பிறகு, முழுதாக முடிந்த பேக்கேஜ்களை அது மறுபடி தொடவில்லை, பாதியில் நின்றதை மட்டும் முதலிலிருந்து கட்டியது. அந்த விதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்டோஸில் வழக்கமான அமைப்பில் அது விஷுவல் ஸ்டூடியோவின் கம்பைலரைத் தேடும். வி.எஸ். கோட் வேறு, விஷுவல் ஸ்டூடியோ வேறு. பெயர் வைத்தவர்களுக்கு இதனால் எத்தனை பேர் மினக்கெடுகிறார்கள் என்று தெரிந்திருக்காது. கம்பைலர் இல்லையென்றால் பல ஜிபி இறக்க வேண்டும். ஜிசிசிக்கும் கட்ட முடியும், ஆனால் அந்த அமைப்புகள் சமூகப் பராமரிப்பில் இருப்பவை, விஷுவல் ஸ்டூடியோ வழிக்கு இருக்கும் அளவு சோதனை அவற்றுக்கு இல்லை. கட்டும்போது உருவாகும் இடைக்கால ஃபோல்டர்கள் டிஸ்கைத் தின்னும். முடிந்ததும் அவற்றை அழிக்கலாம்.

அதன் பலம் மேனிஃபெஸ்ட் ஃபைல். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்புத் தொகுப்பு என்று ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே எழுதி வைத்தால், குழுவில் யார் எடுத்தாலும் அதே பதிப்பு. விஷுவல் ஸ்டூடியோ ஏற்கெனவே இருக்கிறது, லைப்ரரி ஐந்தாறு வேண்டும், வேலை மாதக்கணக்கில் நீளும் என்றால் வேறு யோசனை வேண்டாம். ஒரு கிழமையில் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டுக்கு இது அதிகம்.

## வழி 4: சிமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட்

இது தனி மேனேஜர் கிடையாது. ப்ராஜெக்ட்டை எப்படிக் கட்டுவது என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்கும் கருவி சிமேக். அதில் 2018இல் 3.11 பதிப்போடு வந்த வசதி இது. லைப்ரரியின் கிட் விலாசத்தையும் பதிப்பு டேக்கையும் உங்கள் சிமேக் ஃபைலில் எழுதுகிறீர்கள். முதல் தடவை அது மூலக் கோடை எடுத்து, உங்கள் ப்ராஜெக்ட்டோடு சேர்த்து, உங்கள் கம்பைலராலேயே கட்டுகிறது. ஆகவே பதிப்பு ஒத்துப்போகாத பிரச்சினை இல்லை, நாலு லேப்டொப்பில் நாலு பாதை என்ற பிரச்சினையும் இல்லை. சிமேக் டூல்ஸ் எக்ஸ்டென்ஷன் போட்டால் இன்டெலிசென்ஸுக்கும் அதுவே விலாசத்தைச் சொல்லிவிடும். அந்தச் சிவப்புக் கோடு நாடகமே இல்லை.

முதல் தடுக்கல்: கணினியில் விஷுவல் ஸ்டூடியோ இல்லையென்றால் சிமேக் என்மேக் என்ற மைக்ரோசொஃப்ட்டின் கட்டும் கருவியைத் தேடி, காணவில்லை என்று நிற்கும். அதற்குப் பதிலாக நின்ஜா என்ற கருவியை இறக்கி, எந்தக் கம்பைலர் என்று எக்ஸ்டென்ஷனில் தெரிந்தெடுத்தால் சரி.

மறை செலவு பில்ட் ஃபோல்டரில் இருக்கிறது. இறக்கிய மூலக் கோட் அதற்குள்தான் கிடக்கும். ஏதாவது பிழைத்தால் பில்ட் ஃபோல்டரை அழித்துப் பாருங்கள் என்பது எல்லாரும் சொல்லும் கைவைத்தியம். அழித்தால் மறுபடி இறக்கம், மறுபடி கட்டல். ஹொட்ஸ்பொட்டில் இருப்பவர் ஒரு இரவில் மூன்று முறை இந்த வைத்தியம் பார்த்தால் டேட்டா போய்விடும். லைப்ரரியின் மூலக் கோடை ஒருமுறை தனியாக இறக்கி வைத்துவிட்டு, ஃபெட்ச்கன்டென்ட்டின் சோர்ஸ் டிர் வேரியபிளால் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அதன் பிறகு அந்த லைப்ரரிக்காக நெட்டைத் தொடாது.

அவசரக்காரர்களுக்கு ஒரு பார்வை:

| | ஸிப் | பேக்மேன் | விசிபேக்கேஜ் | ஃபெட்ச்கன்டென்ட் |
|---|---|---|---|---|
| கம்பைலர் பொருத்தம் | நீங்களே பார்க்க வேண்டும் | தானாக | விஷுவல் ஸ்டூடியோ இருந்தால் தானாக | தானாக |
| டேட்டா | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம், அழித்தால் மறுபடி |
| காத்திருப்பு | இல்லை | இல்லை | நீளம் | முதல் தடவை மட்டும் |
| குழு வேலை | தலையிடி | பதிப்பு விலகலாம் | நல்லது | நல்லது |
| நெட் இல்லாத லாப் | நல்லது | கஷ்டம் | கஷ்டம் | மூலக் கோட் கையில் இருந்தால் முடியும் |

## திரையில் தமிழ் வேண்டும் என்றால்

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. எஸ்.எஃப்.எம்.எல். 2.6இல் "கொழும்பு" என்று எழுதிப் பாருங்கள். அது யூனிகோட் குறிகளை வந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக வரையும். ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போகும், ழுவும் புவும் சேராமல் பிரிந்து நிற்கும், மகரத்தின் புள்ளி இடம் மாறலாம். நாலு எழுத்துள்ள சொல்லில் நாலும் பாதுகாப்பில்லை. தமிழ் ஃபொண்ட் போட்டாலும் திருந்தாது, குறை ஃபொண்ட்டில் இல்லை.

எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியின் வேலை. குரோம், ஃபயர்ஃபொக்ஸ், அண்ட்ரொய்ட் எல்லாம் தமிழுக்கு நம்பியிருப்பது அதைத்தான். அதைச் சேர்க்கப் போனால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாகும். ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைப் பயன்படுத்தும், ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும். இரண்டையும் இப்படி இணைத்துக் கையால் கட்டினால் முதலில் ஃப்ரீடைப்பை அரைகுறையாகக் கட்டி, அதை வைத்து ஹார்ஃப்பஸைக் கட்டி, அதை வைத்து மறுபடி ஃப்ரீடைப்பைக் கட்ட வேண்டும். ஸிப் வழிக்கு அங்கேயே கும்பிடு. ஹார்ஃப்பஸின் முதன்மைக் கட்டும் முறை மெசன் என்ற வேறொரு கருவி, சிமேக் இல்லை. எனவே ஃபெட்ச்கன்டென்ட்டும் இங்கே நொண்டும். பேக்மேனிலும் விசிபேக்கேஜிலும் ஒரு வரியில் முடியும். தனியாளுக்குப் பேக்மேன், குழுவுக்கு விசிபேக்கேஜ்.

பக்கத்து ஃபிளாட் பிள்ளையிடம் கேட்டேன், கேமில் எவ்வளவு தமிழ் வருகிறது? தலைப்பும், "மீண்டும் விளையாடு" என்ற பட்டனும், அவ்வளவுதான். புள்ளிகள் வெறும் இலக்கம். "அப்ப அந்த ரெண்டையும் இன்க்ஸ்கேப்பில் எழுதி பிஎன்ஜியா எடுத்து, படமாப் போடு தங்கச்சி" என்றேன். ஹார்ஃப்பஸ் பட்டியலிலிருந்து போனது. நாலு பேர், நாலு லேப்டொப், இரண்டு பேர் போர்டிங்கில். மிஞ்சியது ஃபெட்ச்கன்டென்ட், 2.6இன் டேக்கோடு, ஏனென்றால் அவர்கள் பார்க்கும் வீடியோக்கள் அந்தப் பதிப்புக்கானவை. மூலக் கோடை என் வீட்டு நெட்டில் ஒருமுறை இறக்கிப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போனாள். போர்டிங்கில் இருக்கும் இருவருக்கும் திங்கட்கிழமை கம்பஸில் கொடுப்பதாகச் சொன்னாள். பென்ட்ரைவ் என்னுடையது, இன்னும் திரும்பி வரவில்லை.